முதுகுக்குப் பின்னால் விழுந்த கோல்கள்

தம்பி,

கிழக்கு வளைவின் முதல் வரிசைக் கதிரையில் நீ விட்டுப்போன கலியாண அழைப்புக் காட் இப்போது என் முன்னால், குசினி மேசையில் இருக்கிறது. ஒரு மூலையில் பியர் பட்டு ஊறியிருக்கிறது. அது உன் பிழையில்லை. வெறுங்கோப்பைகளோடு சேர்த்து அதைப் பொறுக்கியவன் நான்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. உன் அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். என் இரண்டு காலையும் எதிர்க் கதிரையில் நீட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம். ஆனால் போன் எடுத்தால் நான் கோபத்தில் தொடங்கி, இங்கே மழையா அங்கே மழையா என்று முடித்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் வுப்பர்டாலில் உனக்கும் மிதுலாவுக்கும் கலியாணம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், அந்தக் கலியாணத்துக்கு உன்னைப் பெற்ற தகப்பன் நான் வரமாட்டேன் என்று சொன்னேன். அதன் பிறகு நீ டுசல்டோர்ஃபில் இருந்து வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாய். நான் வருவேனா மாட்டேனா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரே சொல்ல எனக்கு வராது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். களைத்த மனிதன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நேற்றோடு என் ஓர்ட்னர் வேலை முடிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் பேர்லின் ஒலிம்பிக் அரங்கில், கிழமை முழுக்க பேக்கரியில் நின்ற கால்களோடு, சனி ஞாயிறுகளில் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு சனத்தை ஒழுங்குபடுத்தினேன். பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தந்த முதல் பாடம் இதுதான்: ஓர்ட்னர் ஆட்டத்துக்கு முதுகும் சனத்துக்கு முகமும் காட்டி நிற்க வேண்டும். ஆட்டம் பார்க்கிறவன் காசு கொடுத்து வந்தவன். நீ காசு வாங்கிக்கொண்டு வந்தவன். பக்கத்து ஓர்ட்னர்மார் களவாகக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். நான் திருப்பவில்லை. சொன்னால் சொன்னபடி செய்கிறவன் என்று எனக்கு அங்கே நல்ல பெயர். இத்தனை வருஷத்தில் அந்த மைதானத்தில் விழுந்த ஒரு கோலைக்கூட நான் என் கண்ணால் பார்த்ததில்லை, தம்பி. எல்லாம் மற்றவர்களின் முகத்தில்தான் பார்த்தேன்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த வருஷம் உன்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கிறதா? வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு ஒரு நாள் திறந்து விட்டிருந்தார்கள். இரண்டு பெரிய கோபுரத்துக்கு நடுவே ஐந்து வளையமும் தொங்குகிற கிழக்கு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவுதானோ அப்பா?" என்று கேட்டாய். வெளியே இருந்து பார்த்தால் அது பெரிதாகத் தெரியாது. பாதி நிலத்துக்கு மேலே, பாதி நிலத்தைத் தோண்டிக் கீழே. உள்ளே போய் நின்றதும் மைதானம் காலுக்குக் கீழே, கிணற்றின் அடிபோல ஆழத்தில் கிடந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அன்று முழுக்க நீ அந்தக் கையை விடவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது வெட்கமாக இருக்கும் வயது. அதனால்தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு நீ கட்டடப் பொறியியல் படிக்கப் போனதும் அந்த அரங்கத்தை எனக்கே விளங்கப்படுத்தத் தொடங்கினாய். மேற்கே மரதன் வாசலுக்கு மேல் கூரை மூடாமல் விட்டிருக்கிறார்கள் இல்லையா, நான் அதைக் காசு போதாமல் விட்ட வேலை என்றுதான் நினைத்திருந்தேன். நீ சிரித்தாய். "இல்லை அப்பா, அது டெங்க்மால்ஷுட்ஸ். பழைய கட்டடத்தைப் பாதுகாக்கிற சட்டம். அந்த இடைவெளியால மணிக்கோபுரம் தெரிய வேணும் எண்டு திறந்து விட்டவை. கூரையை முழு வளையமா மூடியிருந்தா அது தன்னைத் தானே தாங்கும். மூடேல்லை. அதாலதான் மேல் படியில அந்த மெல்லிசுத் தூணுகள். சில ஆக்களுக்கு ஆட்டத்தை மறைக்கும். ஆனா வேற வழி இல்லை." அன்றைக்கு நீ பேசிய அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் என்னோடு பேசியதில்லை. நான் தேத்தண்ணியை ஆறவிட்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் ஊர்ச்சங்கத்தில் எல்லோருக்கும் சொன்னேன். என் கோளாறு முழுக்க அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். 2006 உலகக் கிண்ண இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது. நான் வேலையில் நின்றேன். அந்தப் பெரிய வீரர் தலையால் மற்றவனின் நெஞ்சில் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு போனாரே, உலகமே பார்த்தது. நான் பார்த்தது ஒரு வளைவு முழுக்க, என்ன நடந்தது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு கூச்சல் போட்ட சனத்தை. வீட்டுக்கு வந்ததும் நீ கதவடியிலேயே மறித்து, "அப்பா, நீங்கள் கிட்ட நிண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டாய். ஓம் என்றேன். எப்படி முட்டினார் என்று தலையைக் குனிந்து செய்தும் காட்டினேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, இரண்டு கிழமை ராசாவாகத் திரிந்தாய். பிறகு ஒருநாள் தொலைக்காட்சியில் ஓர்ட்னர்மார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்று நீயே கண்டுபிடித்தாய். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தாய். அதற்குப் பிறகு என்னிடம் ஆட்டம் பற்றிக் கேட்டதே இல்லை.

இரண்டாவது இதைவிட மோசம். நீ பதினான்கு வயதில் விளையாடிய உதைபந்தாட்டக் கழகத்தின், அந்தப் பருவக் கடைசி ஆட்டம். அம்மா கட்டாயப்படுத்தி என்னை அனுப்பினார். மழை தூறியது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அங்கே குகன் அண்ணையும் வந்திருந்தார், தன் அக்காவின் பேரனைப் பார்க்க. குகன் அண்ணையை உனக்குத் தெரியும். எங்கள் ஊர்ச்சங்கத்தில் பெரிய ஆள், என்னோடு அரங்கத்திலும் ஓர்ட்னர் வேலை செய்கிறவர். அவர் தமிழ்ப் பள்ளிச் சோதனை முடிவுகளைப் பற்றிக் கேட்டார். உனக்கு எத்தனை புள்ளி, மற்றப் பிள்ளைக்கு எத்தனை புள்ளி. நான் வேலிக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னேன். பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினேன். நீ கோல் போட்டுவிட்டு, உன் கூட்டாளிகள் மேலே விழுந்து கட்டிப்பிடிக்க, அவர்களின் தோளுக்கு மேலால் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் திரும்புவதற்கு முதல் நீ என் முதுகைப் பார்த்துவிட்டாய். உன் முகம் அணைந்துபோனதை நான் கண்டேன். கைதட்டினேன். நேரம் தப்பிய கைதட்டல். அடுத்த பருவம் நீ விளையாடப் போகவில்லை. படிப்புக் கூடிப்போச்சு என்று அம்மாவிடம் சொன்னாய். நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இனி மிதுலாவின் கதைக்கு வருகிறேன். நீ அவளின் பெயரைச் சொன்ன அன்று, என்ன படித்தவள், என்ன குணம், உன்னோடு எப்படி இருக்கிறாள் என்று எதையும் நான் கேட்கவில்லை. "தேப்பன் ஊரில எவடம்?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு, "வுப்பர்டால்" என்றாய். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியின் அர்த்தம் நம்மவர் எல்லோருக்கும் தெரியும். என்ன சாதி என்று வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. உனக்கும் தெரியும், அதனால்தான் அப்படிப் பதில் சொன்னாய். நான் குகன் அண்ணைக்குப் போன் போட்டேன், அவர் வுப்பர்டாலில் யாருக்கோ போட்டார், அடுத்த நாள் பின்னேரம் பதில் வந்துவிட்டது. இந்த நாட்டில் கண் டொக்டரிடம் ஒரு டெர்மின் எடுக்க மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். இதற்கு ஒரே நாள்.

"சரிவராது. சனம் கதைக்கும்" என்று உனக்குச் சொன்னேன். நீ கத்தவில்லை. "எந்தச் சனம் அப்பா? பேரைச் சொல்லுங்கோ" என்றாய். நான் யோசித்துப் பார்த்தேன். குகன் அண்ணையின் பெயரைத் தவிர வேறு பெயர் வரவில்லை. ஒரு ஆளுக்காக ஒரு மகன். அந்தக் கணக்கு அன்றைக்கே எனக்குப் பிழையாகத் தெரிந்தது. ஆனாலும் நான் இறங்கவில்லை. கிழக்கு பேர்லினில் வந்து இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் கடந்து, அகதி விடுதியில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தவர்கள் நாங்கள். அங்கே எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தோம் என்று உனக்குப் பல தரம் கதை சொல்லியிருக்கிறேன். அதுவும் முழு உண்மையில்லை. அங்கேயும் கேட்டோம். எவடம் என்று கேட்டு, அதற்கேற்ற மாதிரிக் கட்டிலை இழுத்துப் போட்டோம்.

அரங்கத்தில் என்னோடு ரூடி என்று ஒரு ஜேர்மன்காரன் வேலை செய்தான், என் வயதுதான். ஆட்டம் தொடங்க முதல் வாசலடியில் இரண்டு பேரும் சான்ட்விச் சாப்பிடுவோம். அவனுடைய தகப்பன் பன்னிரண்டு வயதில், 1936 ஒலிம்பிக்கில் அந்த அரங்கத்துக்குள் இருந்து பார்த்தவராம். அப்போதைய நாஜி ஆட்சிக்காரர் தங்களை உலகம் பார்த்து வாய் பிளக்க வேண்டும் என்று கட்டிய இடம் அது. நான்கு தங்கம் வென்ற கறுப்பு ஓட்டக்காரருக்கு அதே சனம் எழும்பி நின்று கைதட்டியது. அவருடைய பெயர் இன்றைக்கும் மரதன் வாசல் கல்லில் இருக்கிறது. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரன் எந்த இரத்தம் என்று பார்த்தார்கள் என்றான் ரூடி. வளர்ந்த பிறகு தகப்பனிடம், நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறான். "எல்லாரும் பார்த்ததைத்தான்" என்றாராம். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அவர் செத்ததை ரூடி கடிதத்தில்தான் அறிந்தான். அதைச் சொல்லிவிட்டு அவன் சான்ட்விச்சைத் திரும்பக் கடதாசியில் சுற்றி வைத்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் அந்த அரங்கத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள், இங்கே என்ன நடந்தது என்று சுற்றிவரப் பலகை நட்டிருக்கிறார்கள். கோபுரத்தில் இருந்து விழுந்து வெடிப்பு விட்ட பழைய மணியைக்கூட வெளியே எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறார்கள். நான் வருஷக்கணக்காக அந்தப் பலகைகளைத் தாண்டி வேலைக்குப் போனவன். வெளிநாட்டுச் சனம் அதன் முன்னால் நின்று தலையாட்டுவதைப் பார்த்து, இவர்களும் ஒரு காலத்தில் என்ன மனிசர் என்று நினைத்துக்கொள்வேன். நம் வீட்டில் நான் ஒரு பலகையும் வைக்கவில்லை. எவடம் என்ற கேள்வியைத் துடைத்துத் துடைத்து, புதுச் சாமான் போலப் பாவித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றைய கதை உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்தில் இருந்து தெரியாது. ஜேர்மன் கிண்ண இறுதி ஆட்டம், என் கடைசி வேலை. அம்மாதான் உனக்கு என் இடத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என் இடத்தில் போய் நின்று நிமிர்ந்தால், ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் முதல் வரிசையில் நீயும் மிதுலாவும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்ன விளையாட்டு இது என்று. பிறகு விளங்கியது. முகத்தைத் திருப்பவும் ஏலாது, போகவும் ஏலாது. தொண்ணூறு நிமிஷம் நான் உன்னைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நீ அதைக் கணக்குப் பண்ணித்தான் ரிக்கற் எடுத்திருக்கிறாய்.

மிதுலா என்னைக் கண்டதும் எழும்பி, தலையைக் குனிந்து வணக்கம் சொன்னாள். நான் அவளுக்கு மேலே மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவளுக்கு ஆட்டம் விளங்கவில்லை போல, ஒவ்வொன்றுக்கும் உன்னைக் கேட்டாள். நீ கையால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாய், அன்றைக்கு எனக்குக் கூரையைச் சொல்லிக்கொடுத்த அதே கை. வெயில் சாய்ந்து, என் முதுகுப் பக்கம் அந்தத் திறந்த இடைவெளியால் வந்து உங்கள் முகத்தில் விழுந்தது. அவள் தன் கையால் உன் கண்ணுக்கு மறைப்புக் கொடுத்தாள். அவளுடைய கண் கூசியது, ஆனால் மறைத்தது உன் கண்ணை. இதைப் பார்க்க எனக்கு ஒன்றரை வருஷம் எடுத்தது. பிறகு கோல் விழுந்தது. உன் முகம் முதலில் உறைந்தது, வாய் திறந்தது, அவளைத் தூக்கிச் சுற்றினாய். சுற்றிவிட்டு நேரே என்னைப் பார்த்தாய், பதினான்கு வயதில் வேலியைப் பார்த்த மாதிரி. இந்த முறை நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. ஓர்ட்னர் முகம்.

எல்லாம் முடிந்து சனம் கலைந்தபோது நீ கம்பியடிக்கு வந்து காட்டை நீட்டினாய். "அப்பா," என்றாய். அடுத்த வளைவில் குகன் அண்ணை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பார்வையாளருக்குச் சொல்வதுபோல, ஜேர்மன் மொழியில், வெளியே போகும் வழி மேலே, தயவுசெய்து நகருங்கள் என்றேன். நீ, "சரி அப்பா. நீங்கள் வேலையைப் பாருங்கோ," என்று சொல்லி, காட்டைக் கதிரையில் வைத்துவிட்டுப் படியேறினாய். மிதுலா ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். குகன் அண்ணை நடந்து வந்து, "அது உங்கட மகனெல்லோ? பக்கத்தில ஆர்?" என்றார். "தெரியாது அண்ணை," என்றேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீ அறிய வேண்டும்.

பிறகுதான் காட்டைப் பிரித்தேன். நம் வழக்கப்படி மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பெயரில்தான் அழைப்பு இருக்கும். வரமாட்டேன் என்று சொன்ன மனிதனின் பெயரை நீ எடுத்துவிட்டிருப்பாய் என்று நினைத்தேன். முதல் வரியிலேயே என் பெயர், அம்மாவின் பெயர். நாங்கள் இருவரும் எல்லோரையும் அன்போடு அழைக்கிறோமாம். அந்தக் கதிரையிலேயே இருந்துவிட்டேன் தம்பி. இருந்து நிமிர்ந்தபோதுதான் அந்த மைதானத்தை முதன்முதலாகப் பார்வையாளரின் கதிரையில் இருந்து நேரே பார்த்தேன். ஒருவரும் இல்லை. நீலப் பாதையில் கடதாசித் துண்டுகள் பறந்துகொண்டிருந்தன. ஒரு ஆள் புல்லை மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. வயது போன அழுகை, சத்தம் இல்லாதது.

எழும்பிக் குகன் அண்ணையிடம் போனேன். "அண்ணை, அப்ப பொய் சொன்னனான். அவ என்ர மருமகள்," என்றேன். அவர், "எதுக்கும் யோசிச்சுச் செய்யுங்கோ," என்றார். "யோசிச்சிட்டன்," என்றேன். அவர் தன் மேலங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டு ரயிலுக்குப் போனார். அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா ஒன்றரை வருஷம் என் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன் என்று நினைக்க, எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

இன்று காலை அழைப்பில் இருந்த இலக்கத்துக்குப் போன் போட்டேன். மிதுலாவின் அப்பாதான் எடுத்தார். "நான் பேர்லினில இருந்து, மாப்பிள்ளையின்ர தேப்பன் கதைக்கிறன்," என்றேன். அவர், "சொல்லுங்கோ," என்றார். நான் அவரைப் பற்றி விசாரித்ததைச் சொன்னேன். "தெரியும்," என்றார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். அதற்கு அவர் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. "நீங்கள் வாறியளோ?" என்று மட்டும் கேட்டார். "வாறன்," என்றேன். "அப்ப வந்து கதைப்பம்," என்றார். சரியான மனிதன். உடனே மன்னித்திருந்தால் நான் அவரை நம்பியிருக்க மாட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எங்கேயாவது எதையாவது செய்துவிட்டு உன்னைத் தேடினால், அந்த நேரம் பக்கத்தில் யார் நின்று என்ன கேட்டாலும் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம்.

மண்டபத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டு வை. மாப்பிள்ளையின் தகப்பன் வாசலில் நின்று வருகிற சனத்தை வரவேற்பதுதான் முறை என்று யாராவது சொல்வார்கள். அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடு, நான் இருபது வருஷம் செய்துவிட்டேன். மணவறைக்கு முன்னால், முதல் வரிசையில், நடுவில் இருக்க வேண்டும். வீடியோக்காரர் மறைத்துக்கொண்டு நின்றால் மட்டும் பழைய தொழிலைக் காட்டுவேன். குகன் அண்ணைக்கும் அம்மா காட் கொடுக்கப் போகிறார். அவர் வரலாம், வராமல் விடலாம். வந்தால் என் முதுகுக்குப் பின்னால் எங்கேயாவது இருப்பார். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். தாலி கட்டிவிட்டு நீ தலையை நிமிர்த்தி என்னைத் தேடுவாய், எனக்குத் தெரியும். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா